சகலன் வீட்டு அருகலை

என் பேர்த்தி என்னை அம்மப்பா என்று அழைக்கிறாள். என் சகலனைக் கோழி அம்மப்பா என்று அழைக்கிறாள். மூன்று வயதுக் குழந்தையின் வாயில் அவருக்கு மட்டும் தனிப்பெயர் அமைந்தது எப்படி என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். காரணம் எளியது. அவர் வீட்டு அருகலை, அதாவது வைஃபை, கோழிக்கூடு வரை எட்டுகிறது; என் வீட்டு அருகலை என் கூடத்திலேயே தள்ளாடுகிறது. அவர் கைப்பேசியைக் கையில் ஏந்திக்கொண்டு வளவின் கோடி வரை நடந்து, அடைகாக்கும் பேட்டுக்கோழியையும் அதன் வயிற்றின் கீழுள்ள முட்டைகளையும் இலண்டனில் இருக்கும் குழந்தைக்குக் காட்ட வல்லவர். நான் என் நாற்காலியில் கைக்கணினியின் தொடுதிரை முன் அமர்ந்து, வாய் பாதி திறந்தபடி உறைந்துபோன அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த உறைந்த முகத்தோடு நான் கழித்த ஞாயிற்றுக்கிழமைகள் பல.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. மணம் முடித்த ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு மனைவியின் வளவுக்குப் போய்ச் சேர்கிறான். அவ்வாறே நான் செட்டிபாளையத்தில், வாவிப் பக்கமாகச் சரியும் இந்த வளவுக்கு வந்தேன். ஆறாண்டுகள் நான் ஒருவனே மருமகன். பின்னர் என் மனைவியின் தங்கைக்கு முப்பது அடி தள்ளி இன்னொரு வீடு எழுந்தது. அதனுள் என் சகலன் வந்து சேர்ந்தார். கிணறு ஒன்று, வேலி இல்லை. ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் மற்றைய வீட்டில் தெரியும். அவர் வந்த முதல் மாரியில் என் மாமியார் வீட்டுக் கூரை ஒழுகியது. ஓடு மாற்ற அவர் ஏறினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன். அன்றிலிருந்து மாமியார் எதற்கும் முதலில் அவர் பெயரையே கூப்பிட்டார். மாமியார் காலமாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் அந்த ஏணியின் நடுக்கம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், வட்டை விதானையாக இருந்தவர். வட்டை என்பது ஒரு வாய்க்காலின் நீரை நம்பியிருக்கும் வயல்வெளி முழுவதும். அந்த நீரை எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் திறப்பது என்று முறை வைப்பவர் விதானை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இருபத்தைந்து ஆண்டுகள் மண்வெட்டியும் கையுமாக வரம்புகளில் நடந்தவர். இத்தகைய ஒருவர் மீது நான் பொறாமை கொண்டேன் என்று எழுதும்போது, என் மாணவர் சிலர் நம்பமாட்டார்கள்.

பொறாமைக்குப் பொருளாக அமைந்தது ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டில் எல்லாரும் ரவுட்டர் என்பார்கள். நான் திசைவி என்பேன். சுவரில் வந்து முடியும் இணையக் கம்பியை வாங்கி, வீடெங்கும் அலையாகப் பரப்பும் கருவி அது. எங்கள் மகள் விடுமுறையில் வந்திருந்தபோது பட்டணத்துக் கடையொன்றில் ஒரே நாளில் இரண்டு திசைவிகள் வாங்கி, ஒன்றை எனக்கும் ஒன்றைத் தன் சித்தப்பாவுக்கும் கொடுத்தாள். ஒரே படம் அச்சிட்ட இரண்டு பெட்டிகள். எது எவருக்கு என்று பிரிப்பதற்குக்கூட அவசியம் இருக்கவில்லை. ஓராண்டு வரை இரண்டும் ஒரே மாதிரித் தள்ளாடின. என் மனைவி கோயிற்படங்களை எடுத்துத் தள்ளும்போது அவள் கைப்பேசி அவற்றை எங்கோ மேலே ஏற்றும். அந்நேரம் மகளின் முகம் உறைந்துவிடும். தொலைக்காட்சித் தொடர் ஓடினாலும் அவ்வாறே. கைப்பேசிக் கோபுரமோ வாவிக்கு அப்பால் நிற்கிறது. அதன் அலையில் குரலே சரிவரக் கேளாது, முகம் எப்படித் தெரியும்.

பின்னர் ஒரு ஞாயிறு, மனைவி தங்கை வீட்டிலிருந்து சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள்.

"இஞ்சருங்க, தங்கச்சி வீட்ட புள்ளட பல்லுக்கூடத் தெரியிது. கீழ்ப்பல்லு ரெண்டுக்கும் நடுவில இடைவெளி இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. என் பேர்த்தியின் பற்களின் இடைவெளியை என் சகலன் எனக்கு முன்பே கண்டிருந்தார்.

அவர் செய்தது இதுவே. திசைவி ஒவ்வொன்றுக்குள்ளும் அதை இயக்கும் நிரல்தொகுதி ஒன்று உண்டு. அதை நிலைபொருள் என்கிறோம். தயாரித்தவர்கள் இட்ட நிலைபொருளை அகற்றிவிட்டு, உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆர்வலர்கள் கூடி எழுதி, எவரும் படிக்கவும் திருத்தவும் எடுத்தாளவும் திறந்து வைத்திருக்கும் திறமூல நிலைபொருளை அவர் தம் திசைவியில் ஏற்றியிருந்தார். அதில் இணைப்பைப் பங்கிட வழி உண்டு. யார் கற்றுத் தந்தார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றார். காணொளிகள் பார்த்தாராம். புரியாத இடத்தில், அந்த ஆர்வலர்கள் கூடும் இணையத்தளத்தில் தம் அரைகுறை ஆங்கிலத்தில் கேள்வி எழுதினாராம். முகமறியாதவர்கள் மறுநாளே விடை எழுதினார்களாம்.

நான் முப்பதாண்டுகளாகக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். ஒருவரும் மறுநாள் விடை எழுதியதில்லை.

"அதுல பெரிய வித்தை ஒண்டுமில்ல அண்ணன்," என்றார் அவர், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே. "வாய்க்கால் பத்துப் பங்கு ஓடுமெண்டா, நாம ஒம்பதுதான் திறக்க வேணும். முழுக்கத் திறந்தா முதல் வயல்காரன் அள்ளிப்போட்டுருவான், கடைசி வயலுக்கு ஈரமும் போகாது. பழைய பெட்டி முழுக்கத் திறந்து விட்டிருந்திச்சு. இது ஒம்பதுல நிப்பாட்டி, முறை வெச்சி விடுது. அவ்வளவுதான்."

நான் அதற்கு முந்தைய கிழமை முழுவதும் அதே செய்தியை ஓர் ஆங்கிலக் கட்டுரையில் படித்து, மூன்று பக்கம் குறிப்பெழுதியும் தெளிவடையாமல் இருந்தேன். அவர் காலைத் துடைக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

"உங்கட பெட்டியையும் மாத்தித் தரட்டா?"

"அவசரமில்லை, பார்ப்போம்," என்றேன்.

அவசரம் வந்தது. புரட்டாதியில் மகள் அழைத்தாள். அன்று அதிசயமாக என் கூடத்திலேயே அவள் குரல் முழுவதும் கேட்டது.

"அப்பா, இந்த விசயதசமிக்குப் புள்ளைக்கு ஏடு தொடக்கணும். இஞ்ச கோயிலுக்குக் கொண்டு போகலாம், ஆனா எனக்கு விருப்பமில்ல. எனக்குத் தொடக்கினது நீங்கதானே. இவளுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். இவர் விரலப் பிடிச்சி அரிசியில எழுத வைப்பாரு, நீங்க அங்க இருந்து சொல்லுங்க. அவள் உங்களப் பார்த்துச் சொல்லுவாள்."

நான் எழுந்து நாட்காட்டியில் விசயதசமியைத் தேடினேன். இணைப்பு அறுந்துவிட்டதென்று அவள் நினைத்து, "அப்பா, இருக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

என் வாழ்வில் எனக்கென்று எஞ்சியிருந்த உரிமை அது ஒன்றே. கூரை ஓடு அவருக்கு, மாமியார் அவருக்கு, கோழிகளும் பேர்த்தியின் சிரிப்பும் அவருக்கு. எழுத்து எனக்கு. இக்குழந்தை முதன்முதலாக உச்சரிக்கும் உயிரெழுத்து என் வாயிலிருந்து போகவேண்டும்; அது என் வீட்டிலிருந்தே போகவேண்டும்.

மனைவிக்கு இந்த நுட்பம் விளங்கவில்லை. "அப்ப தங்கச்சி வீட்டுல வெச்சிக்குவம். அங்கதான் தெளிவு," என்றாள்.

"என் பேர்த்திக்கு ஏடு தொடக்குவது என் வீட்டில்."

"இதென்ன கதை. ரெண்டும் ஒரே வளவுதானே."

"வளவு ஒன்று. வீடு இரண்டு."

அவள் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். "உங்களுக்கு அவர்ல எரிச்சல்," என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போனாள். நாற்பத்திரண்டாண்டு உடன் வாழ்ந்தவளிடம் எதை மறைப்பது.

நானே அந்த நிலைபொருளை ஏற்றுவதென்று முடிவு செய்தேன். எவரிடமும் கேளாமல், குறிப்பாக முப்பது அடி தள்ளி இருப்பவரிடம் கேளாமல். நவராத்திரி தொடங்கிய நாள் முதல் காலைதோறும் மடிகணினியைத் திறந்து வழிகாட்டியைப் படித்தேன். படித்த முறையில்தான் பிழை நேர்ந்தது என்பதை இப்போது உணர்கிறேன். பழைய நூல்களில் முதலில் அவையடக்கம் வரும். புலவன் தன் சிறுமையைச் சொல்லி, பிழை பொறுக்குமாறு சான்றோரை வேண்டுவான். அதை மரபென்று கொண்டு மரியாதையோடு கடந்து நூலுக்குள் போவது என் வாழ்நாட் பழக்கம். இந்த வழிகாட்டியின் தொடக்கத்திலும் பல வரிகள் இருந்தன: உங்கள் கருவி பயனற்றுப் போகலாம், நாங்கள் பொறுப்பல்லர், ஒரே பெயருள்ள கருவியிலும் பதிப்புகள் வேறுபடும், கீழே ஒட்டியுள்ள தாளில் பதிப்பெண்ணைச் சரிபாருங்கள். ஆங்கிலத்திலும் அவையடக்கம் இருக்கிறதே என்று நயந்து, நான் நூலுக்குள் போய்விட்டேன்.

முற்றாகச் சரிபார்க்கவில்லை என்று சொல்வதும் பொய்யாகும். திசைவியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதன் நடுவில் சந்தனமும் குங்குமமும். முந்தைய ஆண்டு சரசுவதி பூசையன்று, புத்தகங்களோடும் என் மூக்குக்கண்ணாடியோடும் திசைவியையும் படிப்பலகையில் வைத்து மனைவி பொட்டிட்டிருந்தாள். கறுப்புப் பிளாத்திக்கில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடும் என்பதால், ஒட்டிநிற்கும் வெள்ளைத் தாளைத் தேர்ந்திருக்கிறாள். கருவியின் பெயர் தெரிந்தது. அதன் பின் பதிப்பைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் தெரிந்தது. அதற்கடுத்த இலக்கம் குங்குமத்தின் கீழ் இருந்தது.

உருப்பெருக்காடி வைத்துப் பார்த்தேன். வளைவா, நேர்கோடா என்று புலப்படவில்லை. பொட்டைச் சுரண்டலாம். பூசை நாட்களில் சுவாமிப் பொட்டைச் சுரண்ட மனம் ஒப்பவில்லை. சகலனிடம் போய், இது எந்தப் பதிப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள் எனக் கேட்கலாம். அதற்கு மனம் இன்னும் ஒப்பவில்லை. ஒரே கடை, ஒரே நாள், ஒரே படம். அவருடையது முதற் பதிப்பு என்பது எனக்குத் தெரியும். அவர் வேலை செய்தபோது சுவரோரம் ஒட்டிவைத்திருந்த குறிப்புத் தாளை நான் தேநீர் குடிக்கும் சாட்டில் படித்திருந்தேன். ஆகவே என்னுடையதும் முதற் பதிப்பு.

ஒன்பதாம் நாளுக்கு முந்திய நாள் காலை பத்து மணியளவில், மனைவி கோயிலுக்குப் போயிருந்த வேளையில் நிலைபொருள் அடங்கிய கோப்பைத் திசைவியில் ஏற்றினேன். மடிகணினியில் திறந்திருந்த திசைவியின் அமைப்புப் பக்கம் என்னை ஒரு கேள்வி கேட்டது: இந்தக் கோப்பு இந்தக் கருவிக்கு உரியதாகத் தோன்றவில்லை, இருப்பினும் தொடரவா. இன்னும் அவையடக்கமா என்று சலித்து, தொடர்க என்று அழுத்தினேன். ஒரு பட்டை மெல்ல மெல்ல நிறைந்தது. கைகளைக் கூப்பிக்கொண்டு பார்த்தேன். நிறைந்தது. திசைவியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. மீண்டும் எரியும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தது. ஐந்து நிமிடம் காத்தேன். பத்து நிமிடம். மின்செருகியைப் பிடுங்கிச் செருகினேன். ஒரே ஒரு விளக்கு, அரைக்கண நேரம் மினுங்கி, அடங்கியது. பிறகு எத்தனை முறை செருகினாலும் அந்த அரைக்கண மினுக்கம் மட்டுமே.

மனைவி திரும்பி வந்து, கைப்பேசியை எடுத்து, "என்ன, வைஃபை இல்ல?" என்றாள். நான் செய்தித்தாளைத் திருப்பினேன். அவள் திசைவியைப் பார்த்தாள், மேசைமேல் கிடந்த உருப்பெருக்காடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேறு எதுவும் கேளாமல் வாசலில் இறங்கி, தங்கை வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"தங்கச்சி, அவரை ஒருக்கா வரச் சொல்லு. உன்ட அத்தான் பெட்டியச் சாகடிச்சிட்டார்."

சகலன் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார். கையில் ஒரு வயர், கொண்டையூசி ஒன்று. நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. அவர் திசைவியைக் கையிலெடுத்து, முதல் வேலையாகக் கவிழ்த்தார்.

"மச்சாள், இந்தப் பொட்ட ஒருக்காத் துடைக்கட்டா?" என்று என் மனைவியிடம் கேட்டார். "மறுகாப் புதுசா வெச்சித் தாறன்."

"துடைங்க, நாளைக்கு எப்பிடியும் புதுசு வெக்கத்தானே வேணும்."

தேங்காயெண்ணெயில் பஞ்சை நனைத்து, குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் மெல்லத் துடைத்தார். குங்குமம் கரைந்து பஞ்சில் ஏறியது. அதன் கீழ் இருந்த இலக்கம் இரண்டு.

அவர் அதை எனக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "உங்கட ரெண்டாவது பதிப்பு அண்ணன். என்டது முதலாவது. என்ட பெட்டியிலயும் மச்சாள்ட தங்கச்சி இதே இடத்திலதான் பொட்டு வெச்சிருந்தாள். நானும் துடைச்சிப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சன்." பிறகு, சிறிது சிரித்து, "ஒரே தாயிட புள்ளைகள். ரெண்டு பேரும் ஒரே இடத்தத் தேடித்தான் வெப்பாளுகள்," என்றார்.

என் மனைவியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கொண்டையூசியால் பின்பக்கத் துளையை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தார். வயரால் மடிகணினியோடு இணைத்தார். அவருடைய பதிப்புக்கு அது ஒரு மீட்பு வழியாம். என்னுடைய பதிப்பு அதற்கு அசையவில்லை. மாலைவரை நான்கு முறை முயன்றார். கடைசியில், தம் வீட்டுக்குப் போய் அந்த இணையத்தளத்தில் கேள்வி எழுதிவிட்டு வந்தார்.

"பதில் வரும் அண்ணன். ஆனா விசயதசமிக்கு முதல் வருமெண்டு சொல்ல ஏலாது."

"அப்படியானால்?"

"என்ட வீடு என்னத்துக்கு இருக்கு?"

வேறு வழி இருக்கவில்லை. விசயதசமியன்று பிற்பகல், இலண்டனில் காலை, நான் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக முப்பது அடி நடந்து என் சகலனின் வீட்டுக்குப் போனேன். அந்த முப்பது அடி எனக்கு நீண்டிருந்தது. கூடத்தில் அவர் எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார். என் கைக்கணினியை ஓர் உரலின்மேல் மணை வைத்து, கண்ணுக்கு நேராகச் சாய்த்திருந்தார். முன்னால் தாம்பாளத்தில் பச்சையரிசி, குழந்தை பார்க்கும்படி நானும் இங்கே எழுதுவதற்காக. குத்துவிளக்கு கமெராவைக் கூசவைக்காதபடி ஒரு பக்கமாக. கொழுந்தி வாசற்படியில் நின்று, "அத்தான், நல்ல வெளிச்சமா விழுது," என்றாள். அவரைக் காணவில்லை.

மகள் அழைத்தாள். மருமகனின் மடியில் பட்டுச்சட்டையோடு என் பேர்த்தி. படம் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நான் என் கண்ணால் கண்டேன். அவள் கண்ணிமை அடிப்பதும் தெரிந்தது.

"அம்மப்பா," என்றாள். உடனே, "கோழி அம்மப்பா எங்க?"

அவர் எங்கே என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆயினும் தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். "அவர் வேலையாக இருக்கிறார், அம்மா. நீ அம்மப்பாவைப் பார்," என்றேன். கொழுந்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அரிசியில் விரல் வைத்து எழுதினேன். அங்கே மருமகன் அவள் விரலைப் பிடித்து எழுதுவித்தான். "அ" என்றேன். அவள் "அ" என்றாள். வாய் அகன்று, தெளிவாக, இடையில் ஒரு நொடியும் தடைபடாமல் அவ்வொலி வந்து சேர்ந்தது. இரண்டாம் முறை அவள் தானாகச் சொன்னாள். மகளின் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கவேண்டிய நேரம் அது. ஆனால் அந்த வேளையில் என்னுள்ளே ஓடியதை ஒளிக்காமல் எழுதவேண்டுமானால், இந்தப் படம் ஒருமுறையேனும் உறையட்டும் என்று விரும்பினேன். ஒரே ஒருமுறை உறைந்தால், இவர் வீட்டு இணைப்பும் என் வீட்டு இணைப்பைப் போன்றதே என்று ஆகிவிடும். உறையவில்லை. இருபது நிமிடம், ஒரு கீறல் விழாத கண்ணாடியைப் போல அது நின்றது. என் பேர்த்தியின் முதல் எழுத்தை நான் கற்பித்த நேரத்தில், என் மனத்தின் ஒரு பாதி ஒரு கறுப்புப் பெட்டி பிழைபட வேண்டுமென்று காத்திருந்தது.

முடிந்து வெளியே வந்தபோது அவரைக் கண்டேன். கோழிக்கூட்டருகே, பலாமரத்தில் சாய்ந்து, கைப்பேசியை முகத்தருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதா அண்ணன்? நல்லாச் சொன்னாளா?"

"சொன்னாள். நீங்கள் ஏன் உள்ளே வரவில்லை?"

"இஞ்ச இருந்து பார்ப்பமெண்டு நானும் வீடியோ கோல்ல சேர்ந்தன். பிள்ளை என்னைப் பார்த்தாக் கோழியக் கேட்டு எழும்பி ஓடிருவாள், பிறகு எழுதமாட்டாள். அதான் என்ட கமெராவ மூடிப்போட்டு நிண்டன். ஆனா எனக்குப் படம் நிண்டு போச்சு. நீங்க விரல அரிசியில வெக்கிறதுவரை வந்திச்சு, மறுகா ஒண்டும் வரல்ல."

அவர் கைப்பேசித் திரையில் என் வலக்கை தாம்பாளத்தின்மேல் உறைந்து நின்றது. குழந்தை தெரியவேண்டிய மூலையில் ஒரு மங்கிய சதுரம். அழைப்பின்போது என் திரையோரம் நின்ற கறுப்புக் கட்டம் அவருடையது என்று அப்போதுதான் விளங்கியது.

எனக்கு முதலில் உண்டானது மகிழ்ச்சி. அதை வேறு பெயரால் அழைக்க முடியாது. அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வீடு வந்து சேரும்வரை அந்த மகிழ்ச்சி என்னோடு வந்தது. சால்வையைக் கழற்றி மடிக்கும்போது அது எங்கோ போய்விட்டது. அவர் வீட்டு இணைப்பு அவருக்கு ஏன் உறைந்தது என்ற கேள்வி மட்டும் எஞ்சியது.

விடை அடுத்த கிழமை கிடைத்தது. அந்த இணையத்தளத்தில் எந்த நாட்டுக்காரரோ ஒருவர், இரண்டாம் பதிப்பை உயிர்ப்பிக்கும் முறையை வரி வரியாக எழுதியிருந்தார். சகலன் காலையில் வந்து, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பத்து மணிக்குத் திசைவியின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து நிலைத்தன. இரண்டாம் பதிப்புக்குரிய திறமூல நிலைபொருளையும் அவரே ஏற்றினார். பிறகு பங்கீட்டு முறையை அமைப்பதற்காக, மாதிரி பார்க்கத் தம் வீட்டுத் திசைவியின் பக்கத்தையும் என் மடிகணினியில் திறந்தார். கூடத்தின் ஒரு சன்னலருகே அவர் வீட்டு அலை இலேசாக எட்டும்.

அதில் ஒரு பட்டியல் இருந்தது. யாருக்கு முதலில் இணைப்பு, யாருக்குப் பிறகு என்ற வரிசை. மேலிருந்து கீழாக அவர் தமிழில் பெயரிட்டு வைத்திருந்தார். முதல் வரி: அண்ணன் கைக்கணினி. இரண்டாவது: மச்சாள் போன். அதன் பின் கொழுந்தியின் கைப்பேசி, தொலைக்காட்சி. கடைசி வரி: நான்.

"இது விசயதசமிக்கு என்று மாற்றியதா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணன், மச்சாள் முதல் வந்து கதைச்ச நாளிலயிருந்து இப்பிடித்தான். நீங்களும் ஒரு நாளைக்கு வருவீங்கதானே எண்டு உங்கடயையும் அப்பவே போட்டு வெச்சன்."

"உங்களுடையது ஏன் கடைசியில்?"

அவர் கேள்வியே விளங்காதவர்போல் பார்த்தார். "விதானைட வயலுக்குக் கடைசியாத்தான் தண்ணி. முதல்ல திறந்தாச் சனம் ஏசும். அந்தப் பழக்கம்."

அவ்வளவுதான் சொன்னார். அதில் பெருந்தன்மையின் சாயல்கூட இல்லை. வாய்க்காற் பணியின் ஒரு விதியைச் சொல்வதுபோல் சொன்னார். பெருந்தன்மையாக இருந்திருந்தால் அதில் குறை கண்டு நான் ஆறியிருப்பேன். முதல் எழுத்து என் வாயிலிருந்து போகவேண்டுமென்று நான் நின்ற இருபது நிமிடமும், அவர் வயலின் நீரை என் வயலுக்குத் திறந்துவிட்டு, தாம் வறண்ட வரம்பில் நின்றிருக்கிறார். இதிலும் அவர் எனக்கு முந்திவிட்டார். இந்த வகையில் முந்துவதற்கு நான் ஒருபோதும் முயன்றதில்லை என்பது வேறு. ஆயினும் முந்திவிட்டார் என்பதே என்னை உறுத்தியது.

"இப்ப உங்கட வரிசையச் சொல்லுங்க," என்றார், என் திசைவியின் பக்கத்தைத் திறந்து. "ஞாயிற்றுக்கிழமை கதைக்கிறதுக்கு எது முதல்?"

"என்னுடைய கைக்கணினி."

அவர் இட்டார். "ரெண்டாவது மச்சாள் போன்தானே?"

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் என் வீட்டுக்கு அழைப்பாள். குழந்தை கோழியைக் கேட்பாள். அவர் தம் கைப்பேசியோடு இங்கு வந்து அமர்வார். அல்லது வளவில் நின்று காட்டுவார். அவர் கைப்பேசி என் திசைவியோடும் இணையும். மடிகணினியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவருடைய கைப்பேசியின் பெயர் பட்டியலில் எங்கோ கீழே இருந்தது. அதைப் பிடித்து மேலே இழுத்தேன். மனைவியின் பெயரைக் கடந்தது. என் பெயரின் அடியில் வந்து நின்றது. அதற்கும் மேலே இழுக்க இடம் இருந்தது. விரல் இன்னும் அதன்மேல் இருந்தது. இழுக்கவில்லை.

"இரண்டாவது நீங்கள்," என்றேன்.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். 

"இப்பிடியே சேமிக்கட்டா அண்ணன்?"

"ஓம், சேமியுங்க," என்றேன்.